எல்லை வந்தால் வழிகாட்டி மாறுவார்

ஒட்டகச் சவாரி என்றால் நம்மில் பலருக்கும் தெரிந்தது ஒன்றுதான். துபாயில் வேலை பார்க்கும் அண்ணனோ மாமாவோ கூட்டிக்கொண்டு போவார். ஜீப்பில் மணல்மேடு ஏறி இறங்கி, சாயங்காலம் கூடாரத்து வாசலில் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து ஒரு வட்டம் அடித்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம். நானும் அந்தச் சவாரியைத்தான் அறிந்திருந்தேன். சினாய் மலைகளுக்குள் பாலைவாசிகளான பெதூயின் வழிகாட்டிகளோடும் அவர்களுடைய ஒட்டகங்களோடும் நடந்துவிட்டு வந்த பிறகு, இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. எப்படி இருந்தது என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு துண்டாகச் சொல்லி வந்தேன். முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சினாய் எகிப்துக்குச் சொந்தமான தீபகற்பம். மேற்கே சூயஸ் வளைகுடா, கிழக்கே அகபா வளைகுடா, தெற்கு முனையில் செங்கடல். பரப்பு சுமார் 60,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. வடக்கே மணல். தெற்கே போகப் போக மணற்கல் குன்றுகள், அதற்கப்புறம் செந்நிறக் கருங்கல் மலைகள். எகிப்திலேயே உயரமான கத்தரீன் மலை இங்கேதான் இருக்கிறது, 2,600 மீட்டருக்கு மேல். அதன் பக்கத்தில் 2,285 மீட்டரில் மூசா மலை. மோசே கட்டளைகளைப் பெற்ற மலை என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் ஏறிவருவது அதில்தான். அடிவாரத்தில் 6-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் எழுப்பிய புனித கத்தரீன் மடாலயம். இன்றும் அங்கே துறவிகள் வாழ்கிறார்கள்.

அகபா வளைகுடாக் கரையில், நுவைபா ஊருக்கு வடக்கே தொடங்கி, மலைகளுக்குள் புகுந்து கத்தரீன் மலையில் முடியும் நடைபாதை ஒன்றை 2015-ல் அமைத்தார்கள். சினாய் ட்ரெயில் என்று பெயர். அப்போது அதன் நீளம் 220 கிலோமீட்டர். தராபீன், முஸைனா, ஜபலியா என்ற மூன்று பெதூயின் குலங்கள் சேர்ந்து அதை நடத்தின. 2018-ல் அது 550 கிலோமீட்டராக வளர்ந்தது, குலங்களும் எட்டாயின. எதுவும் புதிதாகப் போட்ட பாதை கிடையாது. ஒட்டக வணிகர்களும் யாத்திரிகர்களும் ஆடு மேய்ப்பவர்களும் நடந்த பழைய தடங்களையே இணைத்திருக்கிறார்கள். அதன் ஒரு பகுதியைத்தான் நானும் என் தோழியும் நடந்தோம்.

'நடந்தோம்' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒட்டகப் பயணம் என்று போனாலும் நாளின் பெரும்பகுதி நம் காலில்தான். தண்ணீர்க் கேன், மாவு மூட்டை, போர்வை, பாத்திரம், ஒட்டகத்துக்கான சோளம் எல்லாவற்றையும் ஒட்டகங்கள் சுமக்கும். கால் வலிக்கும்போது ஏறிக்கொள்ளலாம். ஏறும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: படுத்திருக்கும் ஒட்டகம் பின்னங்கால்களைத்தான் முதலில் தூக்கும், நாம் குப்புற விழப்போவதுபோல முன்னால் சாய்வோம். பின்பக்கமாகச் சாய்ந்து, சேணத்தின் மரக்கொம்பை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போதும் முன்னங்கால் முதலில் மடங்குவதால் அதே சாய்வுதான். ஏறிய கொஞ்ச நேரத்தில் உடம்பு அந்த அசைவுக்குப் பழகிவிடும்.

நான் சொல்ல வந்த விஷயம் ஒட்டகம் ஏறுவது பற்றியது அல்ல. ஒரு நாள் நண்பகலுக்கு முன், ஒரு கணவாயின் மேல் ஏறி நின்றோம். அங்கே பலகை இல்லை, வேலி இல்லை, அடையாளக் கல்கூட என் கண்ணுக்குப் படவில்லை. அந்தப் பக்கம் இன்னொரு மனிதர் இரண்டு ஒட்டகங்களோடு நிழலில் உட்கார்ந்திருந்தார். அதுவரை எங்களோடு வந்த முஸைனா குலத்துப் பெரியவர் அவரோடு கன்னத்தோடு கன்னம் வைத்து முகமன் சொன்னார். வீட்டார், ஆடு, மழை, ஒட்டகம் என்று ஒவ்வொன்றாக நலம் விசாரித்தார்கள். தேநீர் போட்டார்கள். அப்புறம் எங்கள் மூட்டைகள் ஒட்டகம் மாறின. பெரியவர் தன் ஒட்டகங்களைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். அந்தக் கணவாயோடு அவர் குலத்தின் நிலம் முடிகிறது. அங்கிருந்து ஜபலியா குலத்தின் நிலம்.

பெரியவருக்கு மேற்கொண்டு வழி தெரியாதா? நன்றாகத் தெரியும். சிறு வயதிலிருந்தே மடாலயத்துக்குப் பக்கத்திலிருக்கும் கத்தரீன் ஊர்வரை போய் வந்தவர் அவர். ஆனாலும் அடுத்தவர் நிலத்தில் விருந்தாளியை வழிநடத்தும் உரிமை அவருக்கு இல்லை. அந்த உரிமையும் அதில் வரும் கூலியும் அந்த நிலத்தாருக்குச் சேர வேண்டியவை. இதை யாரும் எழுதி வைத்து மிரட்டவில்லை. அவருக்கு அது சட்டம், அவ்வளவுதான்.

சுற்றுலாவுக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். மடாலயத்துக்கு யாத்திரிகர்களை அழைத்துப் போவதும், துறவிகளுக்குத் தானியம் ஏற்றிப் போவதும் குறிப்பிட்ட சில குலங்களின் உரிமையாக நூற்றாண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. 1816-ல் இந்த மலைகளில் பயணம் செய்த சுவிஸ் நாட்டு புர்க்ஹார்ட் இந்தக் குலங்களைப் பற்றியும் மடாலயத்தோடு அவர்களுக்கிருந்த உடன்பாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஜபலியா குலத்தின் கதை இன்னும் பழையது. மடாலயத்தைக் காக்க ஜஸ்டினியன் கருங்கடல் பக்கத்திலிருந்தும் எகிப்திலிருந்தும் அனுப்பிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய மரபு. இன்று அவர்கள் முஸ்லிம்கள். மடாலயத்தின் தோட்ட வேலையிலும் காவலிலும் இன்றும் அவர்கள்தான் நிற்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கிறிஸ்தவ மடாலயமும் ஒரு பெதூயின் குலமும் ஒன்றையொன்று நம்பி வாழ்ந்திருக்கின்றன. உலகத்தில் இப்படி எத்தனை இடம் இருக்கும்?

உரிமை இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்கிறது. சினாய், அதை ஒட்டிய நெகேவ் பகுதிப் பெதூயின்களின் சட்டத்தைப் பற்றி கிளின்டன் பெய்லி என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் அவர்களோடு பழகி, 2009-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். காவல் நிலையமும் அரசும் எட்டாத பாலையில் ஒருவர் உயிரோடு நடமாட வேண்டுமென்றால், இன்னொருவர் அவருக்குப் பொறுப்பேற்க வேண்டும். விருந்தாளிக்கோ வழித்துணைக்கோ தீங்கு நேர்ந்தால் அது பொறுப்பேற்றவரின் மானத்துக்கு நேர்ந்த கேடு. அதற்கு வழக்கு உண்டு, குல நீதிபதி உண்டு, ஈடு உண்டு. விருந்தாளியை மூன்று நாளும் அதற்குமேல் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கும் கேள்வி கேட்காமல் பேண வேண்டும் என்பது அரபுப் பாலை எங்கும் தெரிந்த வழக்கம். நம்மை அழைத்துச் செல்பவர் அந்தச் சட்டத்துக்குள் இருந்துகொண்டுதான் நம்மை அழைத்துச் செல்கிறார். நாம் அவருக்குப் பணம் கொடுத்திருக்கிறோம் என்பதால் அது இல்லாமல் போய்விடவில்லை. அதை நான் சின்னச் சின்ன விஷயங்களில் பார்த்தேன்.

இரவு தங்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் அகலமான வறண்ட ஓடைப் படுகை ஒன்றுக்கு வந்தோம். மெத்தை போட்டதுபோலச் சமதள மணல். படுத்தால் போதும் என்றிருந்தது எங்களுக்கு. வழிகாட்டி நிற்கவே இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் நடத்தி, கல்லும் சரளையுமான மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனால் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மலையில் மழை பெய்தால், இங்கே ஒரு சொட்டும் விழாமலேயே வெள்ளம் வந்துவிடும். கருங்கல் மலை தண்ணீரை உறிஞ்சாது, பெய்தது அத்தனையும் பள்ளத்தாக்கில் சுவர்போல இறங்கும். பாலைவனத்தில் வெள்ளத்தில் செத்தவர்கள் உண்டு என்பதை நான் அங்கே போய்த்தான் நம்பினேன். படுகையின் ஓரப் பாறையில் என் தலைக்கு மேலே காய்ந்த சருகும் குச்சியும் சிக்கியிருந்ததை அவர் கைகாட்டினார். பழைய வெள்ளம் விட்டுப்போன மட்டம் அது. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

காலையில் இன்னொன்று. ஒட்டகங்களை இரவில் கட்டிப்போடுவதில்லை. முன்னங்கால் இரண்டையும் குட்டைக் கயிற்றால் பிணைத்து விட்டுவிடுவார்கள். தத்தித் தத்தி மேய்ந்துகொண்டே எங்காவது போய்விடும். விடிந்ததும் வழிகாட்டி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மெதுவாக நடக்கத் தொடங்குவார். நானும் ஒரு நாள் கூடவே போனேன். மணலில் வட்ட வட்டமாக ஏகப்பட்ட தடங்கள். எனக்கு எல்லாம் ஒரே தடம். அவர் ஒன்றின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விரலால் அதன் ஓரத்தை வருடிக் காட்டினார். "இது நம்முடையது இல்லை, என் சித்தப்பா மகனுடையது. நேற்று வெயில் இறங்கியபின் போயிருக்கிறது" என்றார். தடத்தின் விளிம்பு உதிர்ந்திருக்கும் அளவைப் பார்த்து நேரம் சொல்கிறார், பாதத்தின் வெடிப்பைப் பார்த்து ஆளைச் சொல்கிறார். தன் ஒட்டகத்தின் தடத்தை ஆயிரம் தடத்துக்கு நடுவிலும் பெதூயின் கண்டுபிடித்துவிடுவார் என்று படித்திருக்கிறேன். குந்தி உட்கார்ந்து அதை வாசிக்கும் ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்ப்பது வேறு. ஒரு பாறை முகட்டைச் சுற்றிப் போய் அவர் ஒட்டகங்களோடு திரும்பியபோது எங்கள் தேநீர் இன்னும் கொதிக்கவில்லை.

அடுத்து மூட்டை ஏற்றுவது. பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒட்டகத்தை மண்டியிட வைப்பார். அது தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தும், எல்லா ஒட்டகமும் கத்தும், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வலப்பக்க மூட்டையை ஒரு கையால், இடப்பக்க மூட்டையை மறு கையால் தூக்கிப் பார்ப்பார். ஒரு பக்கம் கனமாக இருந்தால் ஒரு தண்ணீர்க் கேனை எடுத்து மறுபக்கம் வைப்பார். மறுபடியும் தூக்கிப் பார்ப்பார். எடை சமமாக இல்லாவிட்டால் மதியத்துக்குள் சேணம் ஒரு பக்கம் இழுத்து முதுகில் புண் வந்துவிடும், அப்புறம் அந்த ஒட்டகம் பல வாரம் வேலைக்கு ஆகாது. சேணத்துக்கு அடியில் போடும் துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் உள்ளங்கையால் நீவிவிடுவார். அவர் இதில் காட்டிய கவனத்தைப் பார்த்தபிறகு நான் ஒட்டகத்தின் மேல் அலட்சியமாக உட்காரவே இல்லை.

ஒட்டகத்தைப் பற்றி நாம் பள்ளியில் கேட்ட கதை ஒன்று, திமிலில் தண்ணீர் இருக்கிறது என்பது. இருப்பது கொழுப்பு. தண்ணீரைச் சிக்கனப்படுத்துவதில்தான் அதன் திறமை. நமக்கு உடல்வெப்பம் இரண்டு டிகிரி ஏறினாலே படுக்கை. அது தாகத்தில் இருக்கும்போது விடியற்காலையில் 34 டிகிரி, பிற்பகலில் 40 டிகிரி என்று தன் உடல்வெப்பத்தை ஏறவிடும். அதனால் வியர்வையாகத் தண்ணீரை இழக்க வேண்டியதில்லை. உடல் எடையில் கால் பங்கு தண்ணீரை இழந்தும் நடக்கும். தண்ணீரைக் கண்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 100 லிட்டர் குடித்துவிடும். அதன் ரத்த அணுக்கள் முட்டை வடிவில் இருப்பதால் வெடிக்காமல் அந்த அளவு தண்ணீரைத் தாங்குகின்றன. ஒரு கிணற்றடியில் எங்கள் ஒட்டகம் தலையைத் தூக்காமல் குடித்தபோது அதன் நீண்ட கழுத்தில் ஒவ்வொரு மிடறும் உருண்டு மேலேறுவதைப் பார்த்தேன். குடித்து முடித்ததும் வழிகாட்டி கிணற்று வாயைப் பழையபடி மூடினார். கயிற்றை இருந்த இடத்தில் வைத்தார். கிணற்றுக்குப் பக்கத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவப் போன எங்களை, தண்ணீரை எடுத்துக்கொண்டு தள்ளிப் போகச் சொன்னார்.

அங்கங்கே கருவேல இனத்து முள்மரங்களில் மூட்டைகள் தொங்கும். துணி, பாத்திரம், தானியம். யாரோ ஒரு குடும்பம் வேறு மேய்ச்சலுக்குப் போகும்போது தொங்கவிட்டுப் போனது. பல மாதம் கழித்துத் திரும்பி வந்து எடுத்துக்கொள்வார்கள். யாரும் தொடுவதில்லை. அதே மரத்தில் பச்சைக் கிளை ஒன்றை ஒடிப்பதும் அவர்களுக்குக் குற்றம். அடுப்புக்குக் காய்ந்து விழுந்த சுள்ளி மட்டுமே. சில பள்ளத்தாக்குகளில் இன்ன காலம்வரை யாரும் ஆடு மேய்க்கக் கூடாது என்று குலத்தார் கூடி முடிவெடுத்து, செடிகள் தழைக்க விடுவதும் உண்டு. சுற்றுச்சூழல் என்று தனியாக யாரும் பாடம் எடுக்காமலே ஒரு சமூகம் இதைச் செய்து வந்திருக்கிறது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் என் தோழி சண்டைக்கு வருவாள். லிப்பா என்று ஒரு ரொட்டி. மாவு, உப்பு, தண்ணீர், வேறு எதுவும் இல்லை. ஈஸ்ட் இல்லை, எண்ணெய் இல்லை. சுள்ளியை எரித்து, தணல் கனிந்ததும் வழிகாட்டி அதை ஓரமாக ஒதுக்குவார். சூடேறிய மண்ணின் மேல், நம் கேழ்வரகு அடை கனத்தில் தட்டிய மாவை அப்படியே போடுவார். பாத்திரமும் இல்லை, தட்டும் இல்லை. தணலையும் சாம்பலையும் இழுத்து மேலே மூடுவார். கொஞ்ச நேரம் கழித்துக் குச்சியால் தட்டிப் பார்ப்பார். சத்தத்திலேயே அவருக்குப் பதம் தெரியும். திருப்பிப் போட்டு மறுபடி மூடி, எடுத்ததும் துணியால் படபடவென்று அடித்துச் சாம்பலை உதிர்ப்பார். ஒரு துகள் மண்கூடப் பல்லில் கடிபடாது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஆவி பறக்கும் மென்மை. ஆட்டு நெய்யோ பேரீச்சையோ இருந்தால் தொட்டுக்கொள்ளலாம். தேநீரில் ஹபக் என்ற காட்டுப் புதினா இலையைப் போடுகிறார்கள். சர்க்கரை நிறைய. பகல் முழுதும் நடந்த உடம்புக்கு அந்த இனிப்பு வேண்டியிருந்தது.

வழியில் ஐன் குத்ரா என்ற பேரீச்சந்தோப்புச் சுனை வருகிறது. அதன் அருகே தனியாக நிற்கும் ஒரு பாறை முழுக்க எழுத்தும் உருவமும். நபத்திய எழுத்து, கிரேக்க எழுத்து, சிலுவை, ஒட்டக உருவங்கள். மூசா மலைக்குப் போன யாத்திரிகர்களும் வணிகர்களும் நிழலுக்கு ஒதுங்கியபோது கீறி வைத்தவை. சற்றுத் தள்ளி நவாமிஸ் என்ற வட்டக் கல்லறைகள், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கல்லை மட்டும் அடுக்கிக் கட்டியவை, வாசல்கள் எல்லாம் மேற்கு நோக்கி. இன்றும் கூரையோடு நிற்கின்றன. இதற்கெல்லாம் நுழைவுச்சீட்டும் கம்பிவேலியும் இல்லை. பாறைமேல் இன்னும் ஒரு பெயரைக் கீறாமல் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டேன். கூட வரும் வழிகாட்டிதான்.

இரவில் தெற்கு அடிவானத்தில், மலைவிளிம்புக்குச் சற்று மேலே ஒரு பெரிய வெள்ளை நட்சத்திரம். சுஹைல் என்றார் வழிகாட்டி. கோடை முடியும் தறுவாயில் விடியலுக்கு முன் அது மறுபடி தென்படத் தொடங்கினால் வெயில் தணியப்போகிறது என்று கணக்கு. நாம் அகத்தியர் என்று சொல்லும் அதே நட்சத்திரம். நம் ஊரில் இன்னும் உயரத்தில் தெரியும் என்று நான் சொன்னதும் அவர் எழுந்து உட்கார்ந்து, எவ்வளவு உயரம் என்று கையை நீட்டிக் காட்டச் சொன்னார்.

இனி கொஞ்சம் கசப்பானதையும் எழுத வேண்டும்.

1967 போரில் சினாய் இஸ்ரேல் வசம் போனது, 1982-ல் எகிப்துக்குத் திரும்பியது. அந்தக் காலத்தில்தான் அகபா கரையோரம் சாலை வந்தது, கடற்கரைக் குடில்கள் வந்தன, வெளிநாட்டார் ஒட்டகத்தில் மலைக்குள் போவதும் பெருகியது. பிறகு தெற்குக் கடலோர ஊரான ஷர்ம் அல் ஷேக்கில் பெரிய பெரிய விடுதிகள் எழுந்தன. அவற்றின் லாபத்தில் மலைக்குள் இருக்கும் பெதூயின் குடும்பத்துக்குக் கிடைத்தது மிகக் குறைவு. 2011-க்குப் பிறகு எகிப்தின் அரசியல் கொந்தளிப்பும் வடக்குச் சினாயில் தீவிரவாதமும் பயணிகளை விரட்டின. 2015 அக்டோபர் 31 அன்று ஷர்மிலிருந்து புறப்பட்ட ரஷ்ய விமானம் வெடித்து 224 பேர் இறந்தார்கள். பிரிட்டன் ஷர்முக்கு விமானத்தை நிறுத்தியது. அந்தத் தடை 2019-ல்தான் நீங்கியது. நடந்தது எங்கோ, நடத்தியது யாரோ. வேலை போனது மலைக்குள் ஒட்டகம் வைத்திருந்தவருக்கு.

சினாய் ட்ரெயில் பிறந்தது இந்தப் பஞ்ச காலத்தில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். வெளியே கூட்டமே இல்லாத நேரத்தில் மூன்று குலத்தார் உட்கார்ந்து பேசி, வருமானம் எல்லோருக்கும் பிரியும்படி ஒரு பாதையை வகுத்தார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டனின் பயண எழுத்தாளர் சங்கம் அதற்கு விருது கொடுத்தது. கணவாயில் வழிகாட்டி மாறிய அந்த ஏற்பாட்டால் ஒரு பயணியின் பணம் ஒரே முதலாளியிடம் போகாமல் பல வீட்டுக்குப் போகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான சுற்றுலா ஏற்பாடு வேறில்லை.

2019-ல் இன்னொரு கதவும் திறந்தது. மேற்குப் பகுதியில் வாழும் ஹமாதா குலத்தில் பெண்கள் வழிகாட்டிகளாக முன்வந்தார்கள். சினாயில் அதற்கு முன் பெண் வழிகாட்டி கிடையாது. பெண் பயணிகளை மட்டும் அழைத்துப் போவது, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது என்ற வரையறையோடு தொடங்கினார்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். ஆடு மேய்த்து மலையின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்தவர்கள் எப்போதும் பெண்கள்தான். அந்த அறிவுக்குக் கூலி கிடைக்கத் தொடங்கியதுதான் புதிது. அவர்களுடைய பகுதியில்தான் பழைய எகிப்தியரின் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் சுரங்கங்கள் இருக்கின்றன. அங்கே 1905-ல் ஃபிளின்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த கீறல்களில்தான் இன்றைய பல அகரவரிசைகளின் மூத்த வடிவம் இருப்பதாக அறிஞர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பக்கம் போகக் கிடைக்கவில்லை. பெண்கள் யாராவது போவதாக இருந்தால் அவர்களோடு நடக்கும்படி முதலில் சொல்வேன்.

கத்தரீன் ஊரில் இப்போது வேறு காற்று வீசுகிறது. 2021-ல் எகிப்து அரசு தொடங்கிய பெரும் திட்டத்தின் கீழ் மடாலயத்தைச் சுற்றி விடுதிகள், வில்லாக்கள், வணிக வளாகம், அகலச் சாலைகள் எழுகின்றன. 2002-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள இடம் அது. ஜபலியா மக்களின் வீடுகள் இடிக்கப்பட்டிருக்கின்றன. வாகன நிறுத்தத்துக்காக இடுகாட்டையே அகற்றியதாகச் செய்திகள் வந்தன. எகிப்துக்கு வருமானம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மடாலயத்தைத் தொடக்கம் முதல் காத்தவர்களைக் கேட்காமல், அவர்களை ஒதுக்கிவைத்துக் கட்டுவது அநியாயம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

ஒட்டகத்துக்கும் நெருக்கடி. மழை பொய்த்தால் மேய்ச்சல் இல்லை, சோளமும் வைக்கோலும் காசு கொடுத்து வாங்க வேண்டும். பயணிகள் வராத ஆண்டில் ஒரு ஒட்டகத்தைக் கட்டித் தீனி போடுவது பெரிய சுமை. ஜீப் வாங்கினால் ஒரே நாளில் இரண்டு மூன்று குழுவைக் கூட்டிப்போகலாம். இளைஞர்கள் அதைத் தேர்ந்தெடுத்தால் அவர்களைக் குறை சொல்ல நான் யார்? எங்கள் ஜபலியா வழிகாட்டியின் மகனும் வண்டிதான் ஓட்டுகிறார். ஆனால் ஜீப்பில் போகும் வழியில் தடம் வாசிக்க வேண்டியதில்லை, சுனை எங்கே என்று தெரிய வேண்டியதில்லை, இரவு எங்கே தங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒட்டகம் போனால் இந்த அறிவும் ஒரு தலைமுறைக்குள் போய்விடும். அதைக் காப்பாற்றப் பெரிய இயக்கம் எதுவும் வேண்டாம். வரும் பயணிகள் ஒட்டகத்தோடு நடக்க வேண்டும் என்று கேட்டால் போதும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அக்டோபர் முதல் ஏப்ரல்வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் மலைமேல் பனிகூட விழும், நல்ல கம்பளி உடை வேண்டும். பாதைகளுக்கான அனுமதியும் பாதுகாப்பு நிலவரமும் அடிக்கடி மாறும், வடக்குச் சினாய் பக்கம் வேண்டவே வேண்டாம். கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கெய்ரோவிலோ ஷர்மிலோ இருக்கும் இடைத்தரகர்களிடம் பதிவு செய்தால், வழிகாட்டி எந்தக் குலத்தவர், எங்கள் பணத்தில் அவருக்கு எவ்வளவு போகும், எல்லையில் ஆள் மாறுவாரா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். மூசா மலையடிவாரத்தில் நள்ளிரவுக்கு மேல் ஒட்டகத்தோடு காத்திருக்கும் ஜபலியா ஆட்கள் முறைவைத்துத்தான் பயணி ஏற்றுவார்கள். உங்களுக்குப் பிடித்த ஒட்டகத்தைக் காட்டி முறையைக் குலைக்காதீர்கள், அடிமாட்டு விலைக்குப் பேரமும் பேசாதீர்கள். ஆனால் எந்த ஒட்டகமானாலும் ஏறும் முன் சேணத்தின் ஓரத்தைத் தூக்கி முதுகைப் பாருங்கள். புண் இருந்தால் ஏறாதீர்கள், ஏன் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

செலவு, விசா, என்ன எடுத்துப்போவது என்றெல்லாம் கேட்க விரும்புபவர்கள் எனக்கு எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.